பயிற்சிப் பொதி: பைக்குள் இருப்பதில் எது பிள்ளையை ஓட வைக்கிறது, எது வரிசையில் நிற்க வைக்கிறது

திருகோணமலையில் பாடசாலை உதைபந்து அணியையோ, கழகத்தின் 15 வயதுக்குட்பட்ட ரீமையோ பொறுப்பெடுத்திருப்பவர்களுக்கு ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் ஆசை வரும். கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கும். பழைய மாணவர் ஒருவர் அனுப்பியிருப்பார், இல்லாவிட்டால் பெற்றோர் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். "பிரக்டிஸுக்குப் பிள்ளைகள் மனம் வைக்கிறார்களில்லை, புதுச் சாமான் இறங்கினால் உற்சாகம் வரும்" என்று ஒரு பயிற்சிப் பொதிக்கு ஓடர் போடுவார்கள். மூன்றாம் கிழமை முடியும்போது அந்தப் பொதியில் பாதி அலுமாரிக்குள் இருக்கும்.

பொதி பல பெயர்களில் வருகிறது. பெயர்தான் வேறு, உள்ளே கிட்டத்தட்ட ஒரே சாமான்: தட்டைக் கோன் 20, அணி பிரிக்கச் சட்டைக்கு மேல் மாட்டுகிற வலைத்துணி பிப் 12 (6 செம்மஞ்சள், 6 பச்சை), நிலத்தில் விரித்துக் கட்டத்துக்குக் கட்டம் கால் வைத்து ஓடுகிற, 4 மீற்றர் நீளத்தில் கால்வேக ஏணி ஒன்று, சின்னத் தடை 6, ஒரு விசில், ஒரு ஸ்டொப்வோச், கைப் பம்ப், பந்து இரண்டு, நட்சத்திர ஸ்டிக்கரோடு ஒரு சுவர் அட்டவணை, பயிற்சிப் படம் போட்ட அட்டைகள், எல்லாவற்றையும் அள்ளிப்போட ஒரு வலைப்பை.

இங்கே ஒரே ஒரு அளவுகோல்தான் வைத்திருக்கிறோம். அந்தச் சாமான் வந்த பிறகு ஒரு பிள்ளை 90 நிமிடப் பயிற்சியில் எத்தனை நிமிடம் அசைகிறான், எத்தனை நிமிடம் நிற்கிறான்? பயிற்சியில் சோம்பல் என்று நாம் ஏசுவதில் பெரும்பகுதி வரிசையில் நின்று வருகிற சோம்பல். அதைத் தீர்க்கிற சாமானுக்குக் காசு கொடுக்கலாம். வரிசையை நீட்டுகிற சாமானைச் சும்மா தந்தாலும் வாங்கக் கூடாது. இந்தக் கணக்கில் பொதிக்கு 10இல் 6 கொடுக்கலாம். அந்த ஆறையும் பிப், கோன், ஸ்டொப்வோச் மூன்றுமே பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஏணி

ஆட்களைக் கடைக்குள் இழுப்பது ஏணிதான். மஞ்சள் நிறத்தில் புல்லின்மேல் விரித்தால் படம் எடுக்க அழகு. பிள்ளைகளும் முதல் நாள் துள்ளுவார்கள்.

கணக்கைப் பார்ப்போம். 18 பிள்ளைகள், ஓர் ஏணி, ஒருவர் ஓடி முடிக்க 8 செக்கன். ஒரு சுற்று முடிய 144 செக்கன். ஒவ்வொருவனும் 8 செக்கன் ஓடி 136 செக்கன் நிற்கிறான். 12 நிமிடம் ஏணிப் பயிற்சி கொடுத்தால் ஒருவனுக்கு 5 முறை கிடைக்கும், அதாவது மொத்தமே 40 செக்கன் வேலை. மிச்சம் 11 நிமிடத்துக்கு மேல் அவன் என்ன செய்கிறான் என்று வரிசையின் வால்பக்கம் போய்ப் பாருங்கள். ஒருவன் சப்பாத்து நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பான். ஒருவன் முன்னால் நிற்கிறவனின் காற்சட்டையை இழுப்பான். மூன்றாவது ஆள்தான் அந்தக் கேள்வியைக் கேட்பான்: "சேர், மட்ச் எப்ப?"

பயிற்றுநருக்குக் கோபம் வருகிற கேள்விதான், ஆனால் நியாயமான கேள்வி. அவன் ஓட வந்தவன், நிற்க வைத்திருக்கிறோம்.

ஏணியின் இன்னொரு கோளாறு கட்டமைப்பில். தட்டைப் பிளாஸ்டிக் படிகள் நாடாவில் வழுக்கிக்கொண்டே போகும். ஒருவனுடைய கால் தட்டினால் நான்கு படிகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும், நேராக்க அரை நிமிடம் போகும். மூலைகளில் அடிக்கத் தருகிற ஆப்பு மெல்லிய கம்பி, கடற்கரைப் பக்கத்து மண்ணில் நிற்காது. ஏணியில் வேகமாகக் கால் வைக்கப் பழகினவன் ஏணியில்தான் வேகமாவான். எதிராளியைப் பார்த்துத் திரும்புகிற வேகம் எதிராளி இருந்தால்தான் வரும்.

ஏணிதான் வேண்டும் என்றால் உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் ஈர மணலில் தடியால் கீறிக்கொள்ளலாம். ஒரு கட்டம் ஒன்றரை அடி, ஒரு வரிசைக்கு 10 கட்டம், பக்கத்தில் பக்கத்தில் மூன்று வரிசை. இப்போது வரிசைக்கு 6 பேர்தான். அதே 12 நிமிடத்தில் ஒருவனுக்கு 15 முறை கிடைக்கிறது, 2 நிமிட வேலை. செலவு ஒரு தடி. வெறுங்காலோடு ஓடுவதென்றால் முதலில் ஒரு பெரியவர் நடந்து பார்த்துத் தூண்டில் ஊசி, போத்தல் துண்டு இருந்தால் பொறுக்கிவிட வேண்டும்.

வாங்கின ஏணிக்கு ஒரு காலம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வடகீழ்ப் பருவமழை பிடித்து, நவம்பர், டிசம்பரில் மைதானம் குளமாகிற நாளில், மண்டபத்துக்குள் ஆறேழு பேரோடு பயிற்சி என்றால் அது நன்றாக வேலை செய்யும். சிமெந்துத் தரையில் இரண்டு பக்கமும் ஒட்டுநாடா போட்டால் நகரவும் நகராது.

பிப்

பொதியில் மிக மலிவாகத் தெரிகிற சாமான் இதுதான், பெறுமதி கூடினதும் இதுதான். ஏன் என்று சொல்ல ஒரு கயிறு வேண்டும்.

சித்திரை வருட விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுத்திருப்பவர்களுக்குத் தெரியும், நடுவில் நிற்கிறவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு சும்மா பிடித்திருப்பான். பிரெஞ்சு வேளாண்மைப் பொறியியலாளர் மக்ஸ் ரிங்கல்மன் இதை அளந்தே பார்த்தார். அவருடைய கட்டுரை 1913இல் வந்தது. 8 பேர் சேர்ந்து இழுத்தபோது, ஓர் ஆள் தனியே இழுத்தால் போடுகிற பலத்தில் ஏறத்தாழப் பாதிதான் ஆளுக்கு விழுந்தது. ஆட்கள் கூடினால் இழுக்கிற நேரம் ஒத்துவராது, அதனால்தான் குறைகிறது என்று ஒரு மறுப்பு வரலாம். 1974இல் அமெரிக்காவில் அதையும் சோதித்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி முன்னால் நிறுத்தி, பின்னால் ஆட்களும் சேர்ந்து இழுக்கிறார்கள் என்று நம்ப வைத்தார்கள். பின்னால் ஒருவரும் இழுக்கவில்லை. அப்படியிருந்தும் முன்னால் நின்றவரின் பலம் குறைந்தது. 1981இல் வந்த இன்னொரு சோதனையில் ஆட்களைக் கூட்டமாகச் சத்தம் போடச் சொன்னார்கள். தங்கள் சத்தம் தனித்தனியே அளக்கப்படுகிறது என்று தெரிந்தபோது ஒருவரும் ஒளிக்கவில்லை.

பயிற்சி மைதானத்துக்கு இதில் இருக்கிற பாடம் நேரடியானது. பிள்ளை கூட்டத்துக்குள் மறைய இடம் இருந்தால் மறைவான், பெரியவர்களும் அப்படித்தான். அவனை வெளியே எடுப்பது ஓர் எண். பொதியில் வருகிற பிப்பில் எண் இல்லை. இந்த ஒரு குறைக்கே 2 புள்ளி வெட்டலாம்.

எண்ணை நாமே போட வேண்டும். நிரந்தர மார்க்கரால் எழுதினால் பொலியெஸ்டரில் சில தோயலோடு மங்கிவிடும். துணிக்குப் பூசுகிற பெயின்ற் கொஞ்சக் காலம் நிற்கும், ஆனால் வலைத்துணியின் ஓட்டைக்குள்ளால் ஊறும், அடியில் கடதாசி மட்டை வைத்துத்தான் பூச வேண்டும். எல்லாவற்றிலும் நல்லது, வெள்ளைத் துணியில் எண்ணை வெட்டித் தையற்காரரிடம் கொடுத்துத் தைப்பது. எண் ஒரு சாண் உயரமாவது முதுகில் இருக்கட்டும். 30 மீற்றரிலிருந்து பெயர் தெரியாவிட்டாலும் "ஏழு, நல்ல ஓட்டம்" என்று கத்த முடிய வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. 18 பேருள்ள அணிக்கு 12 பிப் போதாது. ஒவ்வொருவனுக்கும் தன் எண் வேண்டும் என்றால் 9க்கு 9 தேவை. நிறத்துக்கு மூன்று படி ஆறு பிப் மேலதிகமாக வாங்குங்கள். நிறம் தெரிவு செய்ய விடுகிற கடையென்றால் செம்மஞ்சளும் நீலமும் எடுப்பது நல்லது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பொடியன்கள் அங்கங்கே இருப்பார்கள், வெளியே சொல்லவும் மாட்டார்கள். பந்தைப் பிழையான ஆளுக்குக் கொடுத்துவிட்டு ஏச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள்.

நாற்றம் சின்ன விஷயம் இல்லை. நேற்று இன்னொருவன் போட்டு ஊறின பிப்பை ஒரு பிள்ளையும் மனதோடு மாட்டாது. ஆளுக்கு ஒரு எண், ஒரு மாதத்துக்கு அதே பிப், தோய்ப்பது அவன் பொறுப்பு என்று விட்டால் இந்தப் பிரச்சினை தீரும். அன்றிரவே சவர்க்காரம் போட்டு அலசி நிழலில் காயவிடச் சொல்லுங்கள், வெயிலில் போட்டால் பக்கத்து எலாஸ்ரிக் உக்கிவிடும். மாத முடிவில் நிறத்தை மாற்றிக் கொடுங்கள், ஒரே ஆட்கள் ஒரே பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க.

கோன்

20 கோன் என்றது தற்செயலோ திட்டமோ, உதைபந்துக்குச் சரியான கணக்கு. 20 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலத்தில் மூன்று சின்ன மைதானங்களைப் பக்கம் பக்கமாகப் போடலாம். நடுக்கோடுகள் பொதுவானதால் மூலைகளுக்கு 8 கோன் போதும். ஒவ்வொரு மைதானத்துக்கும் இரண்டு கோல், கோலுக்கு 2 கோன், மூன்று மைதானத்துக்கும் 12. மொத்தம் 20. முழு அகலம் 45 மீற்றர், வழமையான உதைபந்து மைதானத்தின் குறுக்கே அடங்கிவிடும். கோல் வாய் இரண்டு நல்ல எட்டு இருந்தால் சரி. கோல்காப்பாளர் வேண்டாம்.

மைதானத்துக்கு மூன்றுக்கு மூன்று. 18 பேரில் ஒருவனும் வெளியே இல்லை. 4 நிமிடம் ஆட்டம், 1 நிமிடம் தண்ணீர், இப்படி 6 சுற்று. அரை மணித்தியாலத்தில் ஆளுக்கு 24 நிமிட ஆட்டம். ஏணியின் 40 செக்கனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று பேர் அணியில் ஒருவன் நடந்தால் மற்ற இருவருக்கும் உடனே தெரியும். நாம் ஏசத் தேவையில்லை, "டேய், திரும்பி வாடா" என்று அவர்களே கத்துவார்கள்.

முதல் மூன்று சுற்றிலும் பச்சைகள் நின்ற இடத்தில் நிற்க, செம்மஞ்சள் மூவர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மைதானம் வலப்பக்கம் நகரட்டும். எல்லாரும் எல்லாரையும் சந்திப்பார்கள். வென்றால் ஆளுக்கு 3, சமன் என்றால் 1. நான்காவது சுற்றிலிருந்து ஒவ்வொரு நிறத்திலும் கூடப் புள்ளி எடுத்த மூவர் வலது மைதானத்துக்கு, குறைந்த மூவர் இடதுக்கு. இந்த மாற்றத்தை விட்டுவிட்டால் முழுத் திட்டமும் கெட்டுப்போகும். ஆறு சுற்றும் தோற்றுக்கொண்டே இருக்கிற பிள்ளை அடுத்த கிழமை வயிற்றுவலி சொல்லும். வலுவானவன் ஆறு சுற்றும் இலேசாக வென்றால் அவனும் நடக்கத் தொடங்குவான். தன்னளவு ஆளோடு மோதுகிறபோதுதான் இரண்டு பேரும் ஓடுவார்கள்.

20 பேர் வந்தால் ஒரு மைதானத்தில் நாலுக்கு நாலு. 16 என்றால் இரண்டே மைதானம், இரண்டிலும் நாலுக்கு நாலு. 17 வந்த நாள்தான் தலையிடி. மிஞ்சுகிற ஒருவனை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, பந்து யாரிடம் இருக்கிறதோ அவர்களோடு விளையாட விடுங்கள், கோல் மட்டும் அடிக்கக் கூடாது. அந்த இடத்துக்குப் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள், ஆகவே சுற்றுக்குச் சுற்று மாற்ற வேண்டும்.

கோனின் தரம் கடைக்குக் கடை வேறு. வாங்கும்போது ஒன்றை எடுத்து இரண்டாக மடித்துப் பாருங்கள். மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் இந்த ஊர் வெயிலுக்கு அது ஒரு பருவம் தாங்காது, மிதிபட்ட இடத்தில் வெடித்துக் கூர் எழும்பும். மேயிலிருந்து ஓகஸ்ட் வரைக்கும் கச்சான் அடிக்கிற மாதங்களில் (கொட்டையைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறோம்) மெல்லிய தட்டைக் கோன் பறந்து திரியும். விளிம்பில் ஒரு சின்னக் கல் வைக்கலாம் என்று தோன்றும். வைக்காதீர்கள், விழுகிற பிள்ளை அதன்மேல்தான் விழும். பழைய சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டி மேலே மாட்டினால் பாரம் போதும், காலும் வெட்டாது.

பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்து மான்கள் மைதானம் வரை மேய வருகிற ஊர் இது. பயிற்சி முடிந்து போகும்போது பொலித்தீன், ஸ்டிக்கர் தாள், உடைந்த கோன் துண்டு எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவை அதைத் தின்னும்.

ஸ்டொப்வோச்

பொத்தான் இறுக்கம், சத்தம் போதாது, உப்புக்காற்றில் பின்மூடித் திருகாணி துருப்பிடிக்கும். கைத்தொலைபேசியிலேயே இருக்கிறதே என்பீர்கள். ஆனால் இதைப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம், தொலைபேசியைக் கொடுக்க முடியாது. பெறுமதி அங்கேதான்.

கிழமையில் ஒரு நாள், 60 செக்கன் பாஸ் எண்ணிக்கை எடுங்கள். இரண்டு பேர், ஒரு பந்து, இடைவெளி 5 மீற்றர். நிலத்தோடு கொடுத்து, ஒருமுறை நிறுத்தி, திருப்பிக் கொடுக்க வேண்டும். நிறுத்தாமல் தட்டினால் எண்ணக் கூடாது. சத்தமாக அவர்களே எண்ணட்டும். மூன்று முறை செய்து கூடிய எண்ணிக்கையைக் கொப்பியில் எழுத வேண்டும். கால் நொந்து வெளியே இருக்கிற பிள்ளை நேரம் பார்ப்பதும் எழுதுவதும். அவனும் பயிற்சிக்குள்தான் இருக்கிறான் என்று அவனுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கிழமைக்கு ஆளையே காணக் கிடைக்காது.

கொப்பியில் ஒரு பெயருக்கு இரண்டே நிரல்: போன கிழமை, இந்தக் கிழமை. முழு அணியையும் முதலாவது முதல் கடைசி வரை வரிசைப்படுத்தி ஒட்டக் கூடாது. மேலே இருக்கிற மூவர் எப்போதும் அதே மூவர்தான், பதினெட்டாவது ஆளுக்கு அந்தத் தாளில் பார்க்க எதுவும் இல்லை. 21இலிருந்து 24க்குப் போன பிள்ளைக்கு அந்த மூன்றைப் பார்க்க ஆசை இருக்கும். அடுத்த கிழமை நேரத்தோடு வந்து பந்தைக் கேட்கிறவன் அவன்தான்.

பந்தும் பம்பும்

மேலே சொன்ன வேலைக்கு 18 பேருக்கு 9 பந்து வேண்டும். பொதியில் 2. இதுதான் பொதியின் ஆகப்பெரிய ஏமாற்று. ஏணியும் தடையும் சேர்த்துக் கொடுக்கிற காசில் பந்து தந்திருந்தால் 10க்கு 8 போட்டிருப்போம். பெரும்பாலும் வருவது ஐந்தாம் இலக்கப் பந்து, சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம். 12 வயது வரைக்குமான பிள்ளைகளுக்கு நான்காம் இலக்கம்தான் பொருத்தம். சின்னக் காலுக்குப் பெரிய பந்தைக் கொடுத்தால் பாஸ் பாதி வழியில் நிற்கும். பார்க்கிறவர்கள் அதையும் "முயற்சி இல்லை" என்பார்கள்.

ஐந்தாம் இலக்கப் பந்துக்கு ஆட்டச் சட்டத்தில் சொல்கிற காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 8.5 முதல் 15.6 றாத்தல். பிள்ளைகளின் பயிற்சிக்குக் கீழ்ப்பக்கம் போதும். பம்பில் மானி இல்லை, ஆகவே பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் உள்ளே போய் உடனே தள்ள வேண்டும். ஊசியை நனைக்காமல் குத்தினால் வாயில் இருக்கிற இறப்பர் கிழியும். அதற்குப் பிறகு அந்தப் பந்து ஒவ்வொரு நாளும் காற்றுப் போகும்.

நட்சத்திர அட்டவணை

"முயற்சிக்கு நட்சத்திரம், 10 நட்சத்திரத்துக்குப் பரிசு" என்று அட்டவணையின் தலையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். இதைத் தவிர்த்துவிடலாம். 1973இல் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். படம் கீற ஆசையுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதிக்கு, கீறினால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சான்றிதழும் கொடுத்தார்கள். பிறகு சும்மா இருக்கிற நேரத்தில் அந்தப் பிள்ளைகள்தான் குறைவாகக் கீறினார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் கடைசியில் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்கு அந்தக் குறைவு வரவில்லை. விருப்பத்துக்குச் செய்த வேலை விலைக்குச் செய்கிற வேலையாக மாறினால் விலை நின்ற அன்று வேலையும் நிற்கும்.

அட்டவணையை எறியத் தேவையில்லை. தலைப்பை வெட்டிவிட்டுக் கட்டங்களில் பாஸ் எண்ணிக்கையை எழுதுங்கள். பாராட்டு வாயால் போதும், ஆனால் குறிப்பாக இருக்க வேண்டும். "நல்லாச் செய்தாய்" என்றால் எது என்று பிள்ளைக்குத் தெரியாது. "தம்பி, பந்து உன்னட்ட இருந்து போனதும் நிற்காமல் திரும்பி ஓடி வந்தாய், அதால்தான் கோல் தப்பினது" என்றால் அவன் அதையே நாளைக்கும் செய்வான். பக்கத்தில் நின்று கேட்ட இருவரும் செய்வார்கள். திறமைக்கும் உயரத்துக்கும் பாராட்டு வேண்டாம், அவை அவன் கையில் இல்லாத விஷயங்கள்.

விசில், அட்டைகள், தடைகள்

விசில் உள்ளே கட்டை உருளுகிற வகை. எச்சிலும் மணலும் போனால் அடைத்துக்கொள்ளும். உருளை இல்லாத விசில் ஒன்றைத் தனியே வாங்குங்கள்.

பயிற்சி அட்டைகளில் பத்துக்கு மேற்பட்டவை ஓர் ஆள் ஓட மற்றவர்கள் வரிசையில் நிற்கிற படங்கள்தான். ஓர் அட்டை "தோற்ற அணி மைதானத்தை இரண்டு சுற்று" என்கிறது. பழைய பழக்கம், நம் ஊரிலும் நிறைய உண்டு. ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் பிறகு "ஓடு" என்று சொல்கிறபோதெல்லாம் பிள்ளைக்குக் குற்றம் செய்த ஞாபகம்தான் வரும். தோற்றவர்களுக்கு அடுத்த சுற்றின் விதியைத் தெரிவு செய்ய விடுங்கள்: இடது காலால் மட்டும் கோல், இரண்டு தொடுகைக்கு மேல் இல்லை, மூவரும் தொட்ட பிறகுதான் கோல். விதி தங்களுடையது என்றால் அதை வெல்ல வைக்கிற பொறுப்பும் தங்களுடையதாகிவிடும். உளவியலாளர்கள் டெசியும் ரயனும் மனிதனுக்கு வேண்டியவை என்று சொல்கிற மூன்றில் முதலாவது இந்தத் தெரிவுதான். மற்ற இரண்டும், தன்னால் முடிகிறது என்கிற உணர்வும் கூட்டத்தில் தனக்கு ஓர் இடம் இருக்கிறது என்கிற உணர்வும். கொப்பியின் இரண்டு நிரலும் மூவர் அணியும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

சின்னத் தடைகளின் மூட்டு முதல் மாதத்திலேயே உடையும். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

யாருக்குப் பொருந்தும்

உதைபந்து அணிக்குத்தான். வலைப்பந்து அணிக்கு இந்தப் பிப் உதவாது. அங்கே 7 பேருக்கும் நிலை எழுத்து வேண்டும், ஜீ.எஸ் (கோல் போடுபவர்) முதல் ஜீ.கே (கோல் காப்பவர்) வரை. எழுத்தைப் பிய்த்து ஒட்டுகிற வகைப் பிப் தனியே விற்கிறது, அதை வாங்கினால் தங்கச்சிமாரை நிலை மாற்றி மாற்றிப் பழக்கலாம். கரப்பந்துக்குப் பந்துதான் முக்கியம், இரண்டு பேருக்கு ஒன்று. ஒரே வலையில் ஸ்பைக் அடிக்க 14 பேர் வரிசையில் நிற்கிற பயிற்சிக்கு ஏணியின் வியாதியேதான். வலைக்குக் குறுக்கே இரண்டு கயிறு கட்டி மைதானத்தை மூன்றாகப் பிரித்து, இரண்டுக்கு இரண்டு விளையாட விட்டால் வரிசை கரைந்துவிடும்.

எந்தச் சாமானும் தீர்க்காத ஒன்றும் இருக்கிறது. பாடசாலை 1.30க்கு விட்டு, அப்படியே ரியூசனுக்குப் போய், 4.15க்கு மைதானத்துக்கு வருகிற பிள்ளையில் பாதிப்பேர் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அதைச் சோம்பல் என்று எழுதக் கூடாது. தொடங்க அரை மணித்தியாலத்துக்கு முன் ஒரு வாழைப்பழம், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், கச்சான் காலத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தல், இவ்வளவும் பொதியைவிட மலிவு. நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் கலந்திருக்கிற அணியென்றால் ஆட்டச் சுற்றுகளை நிறுத்திவிட்டு, நோன்பு திறக்க முந்திய மணித்தியாலத்தில் நடையோடு பாஸ் எண்ணிக்கையை மட்டும் அரை மணிக்குள் முடித்து வீட்டுக்கு விடுங்கள். தண்ணீர் குடிக்க முடியாத பிள்ளையைக் குடிக்கிற பிள்ளையோடு போட்டிக்கு விடுவது அநியாயம்.

பை

வலைப்பைக்குள் மணல் நிற்காது, அது நல்லது. வாய்க்கயிறு மெல்லிசு, ஒரு பக்க வார் மட்டுமே, அதுவும் ஒற்றைத் தையல். பையைத் தலைவன்தான் தூக்க வேண்டும் என்று இல்லை. கிழமைக்கு இரண்டு பேர், எண் வரிசைப்படி, வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரட்டும். பை வைத்திருக்கிறவன் பிந்தி வர முடியாது. அவன் வந்து 20 கோனையும் எண்ணி மூன்று மைதானத்தையும் போட்டு வைத்தால் பயிற்றுநர் வந்து இறங்கும்போதே ஆட்டம் தொடங்கியிருக்கும். கோன் 19 ஆனால் தேடிப் பிடிக்கிறதும் அவர்கள் வேலைதான். வாரை மட்டும் வாங்கின அன்றே சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்து இரட்டைத் தையல் போட்டுவிடுங்கள், பொதியில் முதலில் அறுவது அதுதான்.